நாகர்கோவில் – திருவனந்தபுரம்: சக்கர நாற்காலிக்காரர்களுக்கான வேன் சுற்றுலா

போலியோவால் நடக்க முடியாத என்னை யாரும் தூக்காமலே வேனில் ஏற்றினார்கள். அதுவே எனக்குப் பெரிய விஷயம். பின்கதவில் மடக்குச் சாய்தளம். நாற்காலியின் நான்கு மூலையையும் தரைக் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கி, ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஓட்டுநர் அண்ணன் வண்டியை எடுத்தார்.

பத்மநாபபுரம் அரண்மனை (நம்ம தக்கலைப் பக்கம்தான், பராமரிப்பது கேரள அரசு) மரப்படிகள் செங்குத்தானவை, மாடிக்குப் போக முடியாது என்று பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை பிடித்திருந்தது.

களியக்காவிளை தாண்டிச் சாப்பிட நிறுத்திய ஓட்டல்தான் சரியில்லை. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அங்கே பாதிகூட இல்லை. கழிப்பறைக் கதவு நாற்காலியை விடக் குறுகல். அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். ஓட்டலை மாற்றினால், அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருவேன்.