சமையலறைச் சுண்டெலிக்கு எது சரி: பொறியா, பசை அட்டையா, மருந்தா?

மதுரையில் நாங்கள் குடியிருப்பது கீழ்த்தள வீடு. போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை பருப்பு டப்பா அலமாரியைத் திறந்தால், கருஞ்சீரகம் சிந்திக் கிடப்பது போல ஒரு வரிசை. எங்கள் வீட்டில் கருஞ்சீரகம் வாங்குவதே இல்லை. பக்கத்தில் இருந்த ரவை பாக்கெட்டின் மூலை கத்தரித்தது போல் போயிருந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் கடையில் கிடைக்கிற அத்தனையையும் வாங்கிப் பார்த்துவிட்டோம். அதில் எது வேலை செய்கிறது, எது காசுக்குக் கேடு, எதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று இப்போது சொல்ல முடியும்.

வந்திருப்பது யார்?

ஹார்டுவேர் கடையில் "அண்ணாச்சி, எலிப்பொறி ஒண்ணு கொடுங்க" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எலியா, சுண்டெலியா?" எனக்குத் தெரியவில்லை. பெரிதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கம்பிக்கூண்டை வாங்கி வந்தேன். மசால் வடை வைத்தோம். காலையில் கூண்டுக் கதவு விழுந்திருக்கிறது, வடை இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் ராத்திரி கதவு விழுந்த சத்தம் கேட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே நின்ற சுண்டெலி என்னைப் பார்த்தது. கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்தது. தலை போனதும் மீதி உடம்பு தண்ணீர் மாதிரி வழிந்து வெளியே வந்துவிட்டது.

வளர்ந்த சுண்டெலியே 20 கிராம் சொச்சம்தான். பென்சில் நுழையும் சந்து, அதாவது 6 மில்லிமீட்டர், அதற்குப் போதும். எலிக்கென்று செய்த கூண்டு அதற்குத் திறந்த வீடு.

ஆகவே புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியுடையது 3 முதல் 6 மில்லிமீட்டர், முனை கூராக இருக்கும். எலியுடையது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தரையைக் குடைந்து மண்ணைக் குவித்திருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கும் சின்னக் கண்ணுமாக, சிக் சிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சுவரோரம் ஓடினால் அது மூஞ்சூறு. எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்னும் பிராணி. நாற்றம்தான் தொல்லை. அதற்குப் பொறி வைக்காதீர்கள், கதவைத் திறந்து வெளியே விரட்டிவிட்டால் போதும்.

கீழே சொல்வது சுண்டெலிக்கான கணக்கு. அது 3 வாரம் சினையாக இருந்து ஒரு ஈற்றில் 5 முதல் 8 குட்டி போடும். குட்டிகள் ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். மெதுவாக வேலை செய்கிற எந்த வழியும் இந்த வேகத்துக்கு முன்னால் தோற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும்.

பசை அட்டை

அதிகம் விற்பது இதுதான் போலிருக்கிறது. புத்தகம் மாதிரி விரித்து வைத்தால் போதும். வாங்கிய முதல் இரவே ஒட்டியது. விடியற்காலை 3 மணிக்குக் கீச்சென்ற சத்தத்தில் வீடே எழுந்துகொண்டது. சுண்டெலியின் ஒரு பக்கம் முழுக்கப் பசையில் கிடந்தது. ஒரு முன்னங்காலை இழுத்து இழுத்து அதன் தோலே வந்திருந்தது. வயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அட்டையின் மறு ஓரத்தில் ஒரு பல்லியும் ஒட்டியிருந்தது. சமையல் எண்ணெய் ஊற்றினால் பசை இளகும். அப்படித்தான் பல்லியை மீட்டேன். சுண்டெலியை என்ன செய்வதென்று தெரியாமல் அரை மணி நேரம் நின்றேன். என் எட்டு வயது மகள் இதையெல்லாம் பார்த்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை.

இரக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் பசை அட்டை நல்ல தேர்வு இல்லை. ஒட்டிய பிராணி பயத்தில் மூத்திரமும் புழுக்கையும் போட்டுக்கொண்டே இருக்கும், நோய் பரவுவதே அவற்றால்தான். அடுப்படியில் மாவுத் தூசியும் தாளிக்கிற எண்ணெய்ப் படலமும் படிந்து சில நாளில் பசை செத்துவிடும். இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்த அட்டைகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பிடிக்கும் திறனில் இது மோசமில்லை; மற்ற எல்லாவற்றிலும் மோசம்.

அடிப்பொறி

மரப்பலகையில் ஸ்பிரிங்கும் கம்பியும் வைத்த பழைய பொறி. பிளாஸ்டிக்கில் கிளிப் மாதிரியும் வருகிறது. பார்க்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் சரியாக அடித்தால் நொடியில் உயிர் போய்விடும். இரண்டு ராத்திரி பசையில் துடிப்பதையும், மருந்து தின்று நான்கு நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாவதையும் இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இதுவே மேல்.

எங்கள் வீட்டில் கணக்கைத் தீர்த்ததும் இதுதான். ஆனால் முதல் வாரம் இதுவும் தோற்றது, ஏனென்றால் நான் வைத்த விதம் தப்பு. அறையின் நடுவில், ஒரே ஒரு பொறி, அதில் பெரிய தேங்காய்த் துண்டு. சுண்டெலி நடு அறைக்கு வராது. சுவரை மீசையால் தடவிக்கொண்டே ஓரமாக ஓடும். கூட்டிலிருந்து சில மீட்டருக்கு மேல் போகாது. ஒரு இடத்தில் உட்கார்ந்து தின்னும் பழக்கமும் இல்லை. ராத்திரியில் இருபது முப்பது இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும்.

வழியைக் கண்டுபிடிக்க அம்மா ஒரு வேலை செய்தார். படுக்கப் போகும்முன் சுவரோரமாகக் கோலமாவை லேசாகத் தூவிவிட்டார். காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து சிங்க்கின் அடி வரை குண்டூசி குத்தியது போல் பொடிப்பொடிக் கால்தடம், நடுவே வால் இழுத்த மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் மேல் ஆறு பொறியை ஒரே ராத்திரியில் வைத்தோம். இரண்டிரண்டு மீட்டர் இடைவெளி, பொறி சுவருக்குக் குறுக்காக, தீனி வைக்கும் பக்கம் சுவரைத் தொட்டபடி. தீனி ஒரு பட்டாணி அளவுதான். தேங்காயை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் சுட்ட கருவாட்டுத் துணுக்கை நூலால் கட்டினோம். கருவாடு ஆகாத வீட்டில் வேர்க்கடலையை நைத்து அப்பிவிடலாம், நக்கித்தான் தின்ன முடியும். முதல் இரவு மூன்று. மறுநாள் இரண்டு. நான்காம் நாளுக்கு அப்புறம் ஒன்றும் விழவில்லை.

டெல்டா வயல்களில் எலிக்கு வைக்கிற தஞ்சாவூர்க் கிட்டியும் இதே சூத்திரம்தான். மூங்கில் வில்லின் விசை, எலி நடமாடும் தடத்தில். பொறி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடத்தில் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

ஒரு பொறியை ஒரு மாதம் வைத்திருப்பதைவிட ஆறு பொறியை நான்கு நாள் வைப்பது நல்லது. புது சாமானைக் கண்டால் எலி பல நாள் ஒதுங்கிப் போகும். சுண்டெலிக்கு ஆர்வம் அதிகம், உடனே வந்து மோந்து பார்க்கும். விழுவதெல்லாம் பெரும்பாலும் முதல் சில ராத்திரிகளில்தான் விழும். குறை என்றால், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும், செத்ததை நம் கையால்தான் எடுக்க வேண்டும்.

கொல்ல மனம் வராதவர்களுக்கு மரப்பெட்டிப் பொறி இருக்கிறது. நாலு பக்கமும் பலகை, கம்பிக்கூண்டு மாதிரி நழுவ முடியாது. காலையும் மாலையும் திறந்து பார்க்க வேண்டும். மறந்துவிட்டால் பயத்திலும் தாகத்திலும் உள்ளேயே செத்துப்போகும். எங்கே கொண்டுபோய் விடுவது என்பதுதான் சிக்கல். தெருமுனையில் விட்டால் திரும்பி வரும், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போகும். வீட்டில் ஒன்றிரண்டுதான் என்றால் இது போதும்.

மருந்து

கடையில் எல்லாவற்றையும் "எலி மருந்து" என்று ஒரே பெயரில் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு. வாங்குகிறவர் அட்டையைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

முதலில் எலிப்பசை. டூத்பேஸ்ட் மாதிரி டியூபில் வந்த, 3 சதவீதம் மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள சரக்கு. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அது கல்லீரலைத் தாக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் ஒன்றும் ஆகாதது போலவே இருந்து பிறகு நிலைமை மோசமாகும். குழந்தை வாயில் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய டியூப் எதுவும் பரணில் கிடக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

அடுத்தது சாம்பல் நிறம் கலந்த கறுப்புப் பொடி, ஜிங்க் பாஸ்பைடு. வயல்காட்டுக்கானது. எலியின் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷ வாயுவாகும். எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, அதனால் தப்பாது. ஆனால் வேகமாகக் கொல்வதே இதன் பலவீனமும். அரைகுறையாகத் தின்று பிழைத்தது மறுபடி அந்தத் தீனியைத் தொடாது. வீட்டுக்குள் பொட்டலமாக வாங்கி வைக்க இதற்கு ஒரு காரணமும் இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் மருந்து வைத்த பிறகு அங்கே தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தொழிலாக மருந்து வைக்கிறவர்களைக் கூப்பிட்டாலும் என்ன மருந்து, எந்த அறையில், எவ்வளவு நேரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அனுமதியுங்கள்.

மூன்றாவது, நீலத்திலோ சிவப்பிலோ கட்டியாக வரும் எலி கேக். பெரும்பாலும் புரோமடியலோன், 0.005 சதவீதம். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும்; உடம்பு அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும் சுழற்சியை இது தடுத்துவிடும். இதய நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. தின்று மூன்று நாலு நாள் கழித்துத்தான் சாகும். அதனால் சந்தேகம் வராமல் தொடர்ந்து தின்னும். மனிதருக்கு முறிவு உண்டு, வைட்டமின் கே1. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். அதுவும் வீட்டுக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம், பூட்டிய தீனிப் பெட்டிக்குள்.

உள்ளே வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. "தின்னுட்டு தண்ணி தேடி வெளியே போய்ச் செத்துடும்" என்று கடையில் சொல்வார்கள். சுண்டெலிக்குத் தின்னும் பொருளில் இருக்கும் ஈரமே ஏறக்குறைய போதும். அது எங்கும் தண்ணீர் தேடி ஓடாது. எங்கள் வீட்டில் ஒன்று வாஷிங் மெஷினின் அடியில் புகுந்து செத்தது. பத்து நாள் அந்தப் பக்கம் சோறு இறங்கவில்லை. மெஷினைச் சாய்த்து, மோட்டாருக்குப் பக்கத்திலிருந்து இடுக்கியால் எடுக்க வேண்டியதாயிற்று. விஷம் தின்ற சுண்டெலியைப் பூனையோ கூகையோ தின்றால் விஷம் அவற்றுக்கும் போகும். எலியைப் பிடிக்கிற பறவையையே நாம் கொன்றால் அடுத்த வருஷம் யார் பிடிப்பது?

மற்றவை

பூனை இருந்தால் சுண்டெலி நடமாட்டம் குறையும், முழுசாகத் தீராது. சமையல் மேடைக்குப் பின்னால், சுவருக்குள் இருப்பதைப் பூனையால் ஒன்றும் செய்ய முடியாது. ஆசைப்பட்டு வளர்ப்பவர்கள் வளர்க்கட்டும். எலிக்காக மட்டும் கொண்டு வர வேண்டாம். பூனையும் மருந்தும் ஒரே வீட்டில் சேரவே கூடாது.

பிளக்கில் சொருகும் ஒலிக்கருவிக்கு நான் கொடுத்த பணம் வீண். அந்த ஒலி பீரோவையும் சுவரையும் தாண்டாது, சுண்டெலியும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே இந்தக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்துருண்டையும் சுண்டெலியை விரட்டுவதில்லை. அதைவிட, பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவாக இருக்கும் கைக்குழந்தைகளுக்கு அந்த வாசத்தால் ரத்த சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு. புதினா எண்ணெய் மணமாக இருக்கும், அவ்வளவுதான்.

சந்து பொந்துகளை அடைப்பது

இதை நான் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். பொறி உள்ளே இருப்பதைத்தான் பிடிக்கும். ஓட்டை திறந்திருந்தால் வந்துகொண்டே இருக்கும். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடம், கேஸ் குழாய் ஓட்டை, ஏசி பைப் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்று, பின்கதவின் அடி. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற ஒவ்வொரு இடமும் வாசல்தான்.

துணியும் தெர்மோகோலும் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. பைப் ஓட்டைக்கு அடிக்கும் ஃபோமையும் குடைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை இறுக்கித் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசினோம். எங்கள் கொத்தனார் பெரிய ஓட்டைக்கு உடைந்த கண்ணாடிச் சில்லு கலந்து பூசினார். ஜன்னலுக்கு நைலான் வலை வேண்டாம், இரும்பு வலை போடுங்கள். கதவடிக்கு அலுமினியப் பட்டை. வாடகை வீடானாலும் இதற்கு வீட்டுக்காரர் சம்மதிப்பார், அவருடைய வயரிங்கும்தானே தப்பிக்கிறது.

புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு காகிதத்தால் துடைத்து எடுங்கள். பொறியில் விழுந்ததை எடுப்பதற்கும் இதே முறைதான். பிறகு மறுபடி கோலமாவைத் தூவுங்கள். ஏழு இரவு தொடர்ந்து தடம் இல்லை என்றால் பொறிகளைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போடலாம். எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் ஃபிரிட்ஜ் ஓரம் மறுபடி ஒரு கோடு தெரிந்தது. கேஸ் குழாய் ஓட்டையை நான் பார்க்காமல் விட்டிருந்தேன்.