பேந்த சுவரும் மூன்று வருட ஸ்மார்ட் வீடும்

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "கொளத்தூர்ல வீடு பார்த்துட்டேன், வாடகைக்குத்தான். நீங்க வச்சிருக்கிற மாதிரி ஸ்மார்ட் லைட், சென்சார் எல்லாம் போடலாமா? காலி பண்றப்போ கழட்டிக்கலாம்ல?"

கேட்ட நேரம் சரியில்லை. பழைய வீட்டு அட்வான்ஸ் கணக்கை முடித்துவிட்டு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. "வேண்டவே வேண்டாம், காசைக் கரியாக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. மூன்று வருடமாகத் தினமும் புழங்குகிற சாமான்களை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டோமே என்று. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பழைய வீடு சென்னை தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி. காசிமேடு பக்கம்தான், சாயங்காலம் ஆனால் கடல்காற்று வீட்டுக்குள் நடந்து போகும். 2022-ல் குடிபோனபோது ஹவுஸ் ஓனர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆணி அடிக்கக் கூடாது. காலண்டருக்குக்கூட முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணியைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வயரிங்கில் கை வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. அதனால் சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கிற ரிலே (ஆப் சொன்னபடி கரன்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கிற குட்டிச் சாமான்), ஸ்மார்ட் சுவிட்ச் வகையறாக்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஹோல்டரில் மாட்டுவது, பிளக்கில் செருகுவது, ஒட்டுவது இந்த மூன்று வகை மட்டும்தான். ஆறு பல்பு, நான்கு பிளக், ஏசிக்கும் டிவிக்கும் ரிமோட் மாதிரி சிக்னல் அனுப்புகிற ஒரு ஐஆர் பிளாஸ்டர், கதவுக்கு இரண்டு சென்சார், ஆள் நடமாட்டத்தைப் பார்த்து லைட் போட மூன்று மோஷன் சென்சார், சென்சார்கள் சொல்வதை வாங்கி ஆப்புக்குக் கொடுக்க ஒரு ஹப். ஒரே நாளில் வாங்கவில்லை, ஒன்றரை வருடத்தில் சேர்ந்தது.

"கழற்றிக்கொண்டு போகலாம்" என்று இந்தச் சாமான்களின் பெட்டியிலெல்லாம் போட்டிருப்பார்கள். அது உண்மையா என்பது வீடு மாறுகிற அன்றைக்குத்தான் தெரியும். நான் போன மாதம் பெரம்பூருக்கு மாறினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனசு வராது. கழற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பல்புகளைக் கழற்றி, பரணில் போட்டு வைத்திருந்த ஓனருடைய பழைய எல்இடி பல்புகளைத் திரும்ப மாட்டினேன். ஐஆர் பிளாஸ்டர் ஷெல்ஃபில் சும்மா உட்கார்ந்திருந்தது, எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒரு பிஸ்கெட் டின்னுக்குள் அடங்கிவிட்டது. குட்டியானையில் மற்ற சாமான்கள் ஏறிக்கொண்டிருக்க, அந்த டின்னை மட்டும் என் மனைவி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்.

புது வீட்டில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. இணைய நிறுவனம் மாறிவிட்டது, புது ரவுட்டர். வைஃபையில் ஓடுகிற பத்துப் பன்னிரண்டு சாமானையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து, ஆப்பில் திரும்பச் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று நினைத்திருந்தேன். அதற்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையே வைத்தேன், பழைய பாஸ்வேர்டையே எழுத்துப் பிசகாமல் போட்டேன். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும் என்பதால் அந்தப் பழைய பெயரை அதற்கு மட்டும் கொடுத்து, ரவுட்டரின் மற்ற அலைவரிசைக்கு வேறு பெயர் வைத்தேன். வைஃபை பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்ததை, இந்த மாதிரிச் சாமான்களில் பலவற்றுக்கும் புரிகிற பழைய டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றினேன். பல்பை ஹோல்டரில் மாட்டி சுவிட்ச் போட்டேன். அரை நிமிடம். ஆப்பில் அதுவாகவே வந்து நின்றது. அவற்றைப் பொறுத்தவரை வீடே மாறவில்லை. சென்சார்கள் ஹப்போடுதான் பேசும், வைஃபையோடு அல்ல. ஹப்புக்குக் கரன்ட் கொடுத்ததும் அவையும் வந்துவிட்டன. இன்றைக்கும் என் சமையலறை லைட்டின் பெயர் "ஹால் லைட்" என்றுதான் இருக்கிறது. மாற்றச் சோம்பல்.

இப்போது டேப்.

சென்சார்களோடு பெட்டியிலேயே ஒரு டபுள் சைடு டேப் வரும். சின்ன வட்டம், பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். பின்பக்கத் தாளை உரித்து அழுத்தினால் முடிந்தது. நானும் அப்படித்தான் ஒட்டினேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காலி செய்கிற அன்று பாத்ரூமுக்குப் போகிற நடையில் இருந்த மோஷன் சென்சாரின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்தேன். "சர்ர்" என்று ஒரு சத்தம். சென்சார் கையில் வந்துவிட்டது, அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சுவரும் வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கிறது: மேலே இப்போதைய கிரீம் நிறம், அதற்கடியில் கிளிப்பச்சை, அதற்கும் அடியில் ரோஸ், கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் எத்தனை குடித்தனம் இருந்தது என்று எண்ணிவிடலாம் போலிருந்தது.

டேப்பின் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். அது பெயின்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற பழைய வீட்டுச் சுவர் ஓதம் காத்து, உப்புப் பூத்துத்தான் இருக்கும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே டிஸ்டெம்பர் அடித்துக்கொண்டே போவார்கள். தொட்டால் கையில் மாவு ஒட்டும். அந்தச் சுவரில் எதை ஒட்டினாலும் இதுதான் நடக்கும். சரி, இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு அடுத்த சென்சாரிலும் அதே கதை, ஹால் கதவுக்கு மேலே ஒரு தட்டு அகலத்துக்கு.

ஓனர் மேலே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் பார்த்தார். நடையில் நின்றார்.

"இன்னா தம்பி, செவுரு பேந்து கீது?"

"டேப்புங்க. ஆணி அடிக்கல."

"ஆணி அட்ச்சிருந்தா ஒரு ஓட்டதானே வுழுந்திருக்கும்?"

இதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

எங்கள் ஒப்பந்தப்படி காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, 14,000 ரூபாய், எப்படியும் கழித்துக்கொள்வார். அதற்கு மேல், பேந்த இடங்களைப் பட்டி பூசி நிரவ 3,500 என்று எழுதினார். வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்கத்தானே அந்தப் பணம், அதற்குள் பட்டி வராதா என்று கேட்டேன். "பெயின்ட் வேற தம்பி, பட்டி வேற" என்றார். தமிழ்நாட்டில் வாடகைச் சட்டம் என்று ஒன்று 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தது, அதனால் கழித்துக்கொள்ள அவர் கையில் நிறையவே இருந்தது. கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆக மூன்று மோஷன் சென்சார் வாங்கிய விலையைவிட, அதில் இரண்டைக் கழற்றிய விலை அதிகம்.

மூன்றாவது சென்சார் ஏன் தப்பித்தது என்பதுதான் நண்பருக்கு உண்மையில் உபயோகமான விஷயம். அதை நான் சுவரில் ஒட்டவே இல்லை. அப்பா படுக்கிற அறையில் இரும்பு பீரோ இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை சென்சாரின் முதுகில் ஒட்டி, பீரோவின் பக்கவாட்டில் முழங்கால் உயரத்துக்கு வைத்திருந்தேன். எடுக்கும்போது "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாத்ரூம் டைல்ஸில் துணி மாட்டும் கொக்கி ஒன்றை ஒட்டியிருந்தேன், காது மாதிரி ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்குமே அந்த வகை டேப்பில். அந்த நாக்கைப் பிடித்துச் சுவரோடு ஒட்டியபடி, வெளியே இழுக்காமல், நேர்கீழே மெதுவாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு நீண்டு கடைசியில் கழன்று வந்துவிடும். கறைகூட இல்லை. கதவு நிலையில் வார்னிஷ் மேல் ஒட்டிய கதவு சென்சாரைத் தையல் நூலை அடியில் விட்டு ரம்பம் மாதிரி அறுத்து எடுத்தேன். அதுவும் சுத்தமாக வந்தது.

ஆக டைல்ஸ், கண்ணாடி, இரும்பு, வார்னிஷ் மரம், இவற்றில் ஒட்டலாம். டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டுவதற்குப் பதில் ஓனரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு ஆணிக்கு அனுமதி வாங்கிவிடுவது மேல். பெட்டியில் வரும் டேப்பை அப்படியே பிய்த்துப் போட்டுவிட்டு, நாக்கு வைத்த டேப்பை வாங்கி ஒட்டுங்கள். பெட்டியில் அதையே கொடுத்திருந்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. கழற்றலாம் என்பதைச் சொல்லித்தான் சாமானையே விற்கிறார்கள், கழற்ற முடியாத டேப்பை உள்ளே வைக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கதவு சென்சாரில் சிஆர்2032 பொத்தான் பேட்டரி. தண்டையார்பேட்டையில் வாசல் கதவு சென்சார் ஒன்று திடீர் திடீரென்று செத்துப்போகும். பேட்டரியை மாற்றினேன், பயனில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று. பென்சில் ரப்பரால் தேய்த்ததும் உயிர் வந்தது, அதன் பிறகு நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை அதே வேலை. பெரம்பூரில் இதுவரை இல்லை.

பல்புகளில் ஒன்றை முதல் நாளே செய்துவிடுங்கள். கரன்ட் போய் வந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் பெரும்பாலும் கடையிலிருந்து வரும். ராத்திரி இரண்டரை மணிக்குக் கரன்ட் வந்து ஆறு பல்பும் பட்டப்பகல் மாதிரி எரிந்ததில், பக்கத்து வீட்டுக்காரர் காலையில் "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். ஆப்பில் "கடைசியாக இருந்த நிலை" என்று மாற்றினால் தீர்ந்தது. ஐஆர் பிளாஸ்டர் ஒருவழிப் பாதை. ரிமோட்டில் யாராவது ஏசியை அணைத்துவிட்டால் அதற்குத் தெரியாது, ஓடுவதாகவே காட்டிக்கொண்டிருக்கும். பழகிவிட்டது.

நண்பர் இன்னொன்றும் கேட்டிருந்தார், தண்ணீர் மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் போடலாமா என்று. கூடாது. ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட்தான், ஆனால் கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன பிளக்குக்குள் இருக்கிற ரிலே ஒட்டிக்கொண்டால் பிறகு ஆப்பில் எத்தனை தடவை அணைத்தாலும் மோட்டார் ஓடும். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடும் வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஆன் செய்துவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் இருந்ததா என்று யோசிப்பது நல்லதல்ல.

கடைசியாக அந்த பீரோ சென்சார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்து போவார். சுவிட்ச் தேடித் தடவி ஒருமுறை விழப்போனார். அதற்காகத்தான் முதல் சென்சாரையே வாங்கினேன், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்த ஆசை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும் அறையில் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம், இரண்டு எட்டு வைத்தால் நடையில் ஒன்று, திரும்பி வந்து படுத்தால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். முதல் வாரம் "இது எதுக்குடா வெட்டிச் செலவு" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மூன்று வருடத்தில் அந்த அறையின் சுவிட்சை அவர் தொட்டு நான் பார்க்கவில்லை.

பெரம்பூர் வீட்டில் முதல் ராத்திரி, அசதியில் பிஸ்கெட் டின்னைப் பிரிக்கவில்லை. ஒரு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். நடையில் அப்பா இருட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில், இன்னொரு கையை மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார், லைட் வரட்டும் என்று.

சுவிட்சைப் போட்டேன். "வேலை செய்யலையா?" என்றார். அப்போதே டின்னைத் திறந்து ஹப்புக்குக் கரன்ட் கொடுத்து, பீரோ வந்துவிட்டதா என்று பார்த்து, சென்சாரை அதில் வைத்தேன். நடைக்கான சென்சாருக்குப் புது வீட்டுச் சுவரில் இடமில்லை, வைக்க மாட்டேன். ஷூ ரேக்கின் மேல் சும்மா நிறுத்தியிருக்கிறேன், வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் அது திரும்பிக்கொள்கிறது.

நண்பருக்குச் சொன்னது சொன்னதுதான், 3,500 ரூபாய் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது, வாங்க வேண்டாம். ஆனால் கொளத்தூர் வீட்டுக்கு அவர் அம்மாவும் கூட வருகிறாரா என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக்குக் கேட்க வேண்டும்.