பத்தரை அங்குல மடிக்கணினியோடு புத்தகக் காட்சி ஊர்களில்

சின்ன மடிக்கணினி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலையை. தமிழில் தட்டச்சு செய்கிறவர் என்றால், எண்டர் விசைக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு விசைகளை முதலில் பாருங்கள் என்பேன். காரணம் கொஞ்சம் நீளமானது, கீழே வருகிறது.

பதிப்பகம் ஒன்றில் எடிட்டிங்கும் மெய்ப்புத் திருத்தமும் என் வேலை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, நடுவே மதுரை, நெல்லை, கோவை என்று அரங்கு போடுகிற ஊர்களுக்கெல்லாம் போக வேண்டியிருக்கும். பகலில் அரங்கில் நிற்க வேண்டும், அடுத்து அச்சுக்குப் போகிற புத்தகத்தின் பக்கங்களை பஸ்ஸிலும் ரயிலிலும் லாட்ஜிலும் பார்த்து அனுப்ப வேண்டும். இதற்காகத்தான் வாங்கினேன். பத்தரை அங்குலத் தொடுதிரை, முழுதும் பின்னால் மடங்கும் கீல், இன்டெல் என்100 சிப், 12 ஜிபி ரேம், எடை 900 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பின்னால் ஒரு புகாரும் வருவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே அளவில், இதே உள்ளடக்கத்தில் பல பெயர்களில் கிடைக்கிறது, தேடினால் மாட்டும்.

எடையை முதலில் முடித்துவிடலாம். முன்பு என்னிடம் இருந்த 15.6 அங்குல இயந்திரம் இரண்டு கிலோவைத் தாண்டும். அதன் அடாப்டர் ஒரு செங்கல், அது தனி. விளம்பரத்தில் மடிக்கணினியின் எடையை மட்டும்தான் போடுவார்கள், தோளில் தொங்குவது எல்லாம் சேர்ந்த எடை. இந்தச் சின்னது யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஏறும் என்பதால் போனுக்கு வைத்திருக்கும் 65 வாட் சார்ஜரே இதற்கும் போதும். ஒரு வயர், ஒரு சார்ஜர், முடிந்தது. விமானத்தில் போகிற அபூர்வமான சமயங்களில், ஏழு கிலோ கைப்பைக் கணக்கில் மிச்சமாகும் எடைக்கு நாலைந்து புத்தகங்களைக் கூடுதலாக வைக்கலாம். அது பதிப்பகத்துக்கு லாபமே தவிர என் தோளுக்கு இல்லை.

பஸ்ஸில்தான் அளவின் அருமை தெரியும். முன் சீட்டுக்காரர் திடீரென்று சாய்ந்தால் பெரிய மடிக்கணினியின் திரை நசுங்கும். நசுங்காமல் காப்பாற்ற மூடியைப் பாதி மடக்கினால் எழுத்து தெரியாது. பத்தரை அங்குலத் திரை அவர் சாய்ந்த பிறகும் நேராக நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரரின் விலாவில் முழங்கை இடிக்காமல் தட்டச்சு செய்யவும் முடிகிறது. டேப்லெட்டும் தனி கீபோர்டும் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மேஜை இருந்தால் நல்ல ஏற்பாடுதான். மடியில் வைத்தால் பின்னால் முட்டுக்கொடுக்கும் தகடு தொடையைத் தாண்டி நழுவும், ஓடுகிற பஸ்ஸில் அது ஆகாது. கீல் வைத்த மடிக்கணினி மடியில் அப்படியே உட்காரும்.

ரயிலில் சார்ஜிங் பாயிண்ட் பக்கத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சார்ஜரின் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் அதற்கு அது போதும். ஆனால் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை அந்த பாயிண்டுகளை அணைத்து வைக்க வேண்டும் என்பது ரயில்வேயின் ஏற்பாடு, தீவிபத்து பயம்தான் காரணம். அதனால் ஏறியதும் சார்ஜ் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் கணக்கில் 74 வாட்-அவர், விமானத்தின் 100 வாட்-அவர் வரம்புக்குள் அடங்கும். செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கையில்தான் எடுத்துப்போக வேண்டும். இந்த இயந்திரத்தின் பேட்டரி 30 வாட்-அவர்கூட இல்லை. சிறிய உடம்பில் அவ்வளவுதான் இடம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து மெய்ப்பு மட்டும் பார்த்தால் புதிதில் நாலரை, ஐந்து மணி நேரம் வந்தது. பவர் பேங்கை மாட்டினால் வழியில் வீணாவது போக இன்னும் இரண்டு தடவை நிரப்பலாம். பவர் பேங்கில் பி.டி. (பவர் டெலிவரி, அதாவது கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் தரும் வசதி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண ஐந்து வோல்ட்டில் இது சார்ஜ் ஏறாது, பஸ் சீட்டில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையாலும் பயனில்லை.

வாங்கும்போது எனக்கே தெரியாத ஒரு வசதி, புத்தகக்காரனுக்கு மட்டும் புரிகிற வசதி, இதில் இருந்தது. தமிழில் வரும் நாவல், கட்டுரைத் தொகுப்பு எல்லாம் பெரும்பாலும் டெம்மி அளவு, ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 16:10 விகிதத்தில் பத்தரை அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் ஐந்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் அகலம், ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழ் உயரம். அதாவது அச்சாகிற பக்கம் அச்சாகிற அளவிலேயே திரையில் அப்படியே உட்காருகிறது. கீபோர்டைப் பின்னால் மடக்கிவிட்டு பிடிஎஃப்பை முழுத்திரையில் திறந்தால் கையில் இருப்பது கிட்டத்தட்ட புத்தகம்தான்.

இது ஏன் பெரிய விஷயம்? பெரிய திரையில் மெய்ப்புப் பார்க்கும்போது நாம் பக்கத்தை ஊதிப் பெரிதாக்கிப் பாதிப் பாதியாகப் படிக்கிறோம். எழுத்துப்பிழை சிக்கும், பக்கத்தின் பிழை சிக்காது. பழைய எழுத்துருவில் கோத்த கோப்புகளில் வரிக் கடைசியில் ஒற்றைக்கொம்பு மட்டும் தனியாகத் தொங்கும், அதற்கு உரிய எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். பத்தியின் கடைசி வரி, இரண்டே சொற்களோடு, புதுப் பக்கத்தின் உச்சியில் அநாதையாக நிற்கும். ஓரத்தில் விட்ட இடம் கட்டைவிரலுக்குப் போதாமல் இருக்கும். இதெல்லாம் வாசகர் பார்க்கப்போகிற அளவில் பார்த்தால்தான் கண்ணில் படும். அச்சுக்குப் போன பிறகு படும் என்பது வேறு கதை. திரையில் அங்குலத்துக்கு 215 பிக்சல்களுக்கு மேல் இருப்பதால் பதினொரு பாயிண்ட் எழுத்திலும் மெய்யின் புள்ளி தனியாகத் தெரிகிறது. பழைய 15.6 அங்குலத் திரையில் 141தான், அதே அளவில் வைத்தால் புள்ளி இருக்கிறதா தூசியா என்று சந்தேகம் வரும்.

நீண்ட நேரம் ஒரு கையில் பிடிக்க முடியுமா என்றால் முடியாது. புத்தகமாகப் பார்த்தால் 900 கிராம் கனமான புத்தகம். அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் நிறுத்திப் படிப்பதுதான் நான் கண்டுபிடித்த சௌகரியமான நிலை.

சரி, விசைகளுக்கு வருவோம். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிப்பவர்களுக்கு ந எங்கே இருக்கிறது என்று தெரியும்: ஆங்கிலத்தின் அரைப்புள்ளி விசையில். அதற்கு அடுத்த மேற்கோள் குறி விசையில் ய. சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் ச, ஞ. சாய்கோட்டில் ழ. ஐந்தும் கீபோர்டின் வலது ஓரத்தில். சின்ன மடிக்கணினி செய்கிறவர்கள் இடம் போதாதபோது முதலில் கைவைப்பது அந்த வலது ஓரத்தில்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது நிறுத்தக்குறிகள் இருக்கும் ஓரம், வரிக்கு ஒருமுறை போய்வருகிற இடம். அதைக் குறுக்கினால் அவருக்கு நஷ்டமில்லை. நமக்கு 'செய்ய', 'நியாயம்', 'யோசனை', 'பழைய' என்று எதைத் தொட்டாலும் அந்த ஓரத்துக்குப் போக வேண்டும். ஏழு, எட்டு அங்குல இயந்திரங்கள் சிலவற்றில் இந்த விசைகளைக் கீழ் வரிசைக்கே மாற்றிவிடுகிறார்கள், அல்லது எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தச் சொல்கிறார்கள். அதில் தமிழ்99 அடிப்பது தண்டனை. நண்பர் ஒருவரின் எட்டு அங்குலத்தில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன், ய வர வேண்டிய இடத்தில் எல்லாம் எண்டர் விழுந்து, கட்டுரை புதுக்கவிதையாகிவிட்டது.

என்னுடையதில் அந்த ஐந்தும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன, அகலம் மட்டும் மற்ற விசைகளில் முக்கால். பழக ஒரு வாரம் போல ஆனது. இப்போது சிரமம் இல்லை, ஆனால் வீட்டில் பெரிய கீபோர்டில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் விரல் ய-வைத் தேடி அலைகிறது. பழைய தட்டச்சு இயந்திர முறையில் அடிப்பவர்களுக்கும் இதே பாடுதான், அதிலும் ஓர விசைகளில் எழுத்துகள் உண்டு. அஞ்சல் முறையில், அதாவது ஒலிபெயர்ப்பாக அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதில் ந-வுக்கு டபிள்யூ, ழ-வுக்கு இசட், எல்லாம் எழுத்து விசைகளிலேயே முடிந்துவிடும். அதனால் 'எட்டு அங்குலமே போதும், அருமையாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்புங்கள், ஆனால் அவர் எந்த முறையில் அடிக்கிறார் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கீபோர்டை நேர் மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். அழகுக்காகச் சாய்வாக எடுத்த படங்களில் இந்த ஓரம் தெரியாது.

இந்த ஆசை புதிதில்லை. தோஷிபாவின் லிப்ரெட்டோ 1996-இலேயே ஒரு கிலோவுக்குக் கீழ் வந்தது. 2007-இல் ஏசஸ் ஈ பிசி ஏழு அங்குலத் திரையோடு வந்து நெட்புக் என்ற மலிவான குட்டி மடிக்கணினிகளின் அலையைக் கிளப்பியது, சில வருடத்தில் டேப்லெட்டுகள் வந்து அந்த அலையை அடக்கின. ஆப்பிளின் 12 அங்குல மேக்புக் 2015-இல் வந்தபோது எடை 920 கிராம், 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஃபுஜித்ஸு ஜப்பானில் 13 அங்குலத்தையே 634 கிராமில் செய்து காட்டியது. காசு இருந்தால் எடையைக் குறைக்கத் திரையைக் குறைக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நம் பட்ஜெட்டில் திரையைக் குறைத்தால்தான் எடை குறையும்.

வேகம்: என்100 சிப் 2023-இல் வந்தது, ஆறு வாட்டில் ஓடுவது, நான்கு கோர். பிடிஎஃப், வேர்டு, பிரவுசரில் பத்துப் பதினைந்து தாவல், வீடியோ கால் எல்லாம் தடையில்லாமல் போகும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் 400 பக்க நாவலைத் திறந்தால் திணறும், அதை அலுவலகத்துக்கு விட்டுவிட்டேன். விசிறி சின்னது என்பதால் சத்தம் மெல்லியதாக, கீச்சென்று வரும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் மடியில் வைத்தால் சூடு தெரியும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. இந்த வகை இயந்திரங்களில் டேப்லெட்டுக்குச் செய்த திரையைத்தான் படுக்கவைத்துப் பொருத்துகிறார்கள். கணினிக்கு அது தெரியாது, துவங்கும்போது எழுத்தெல்லாம் பக்கவாட்டில் ஓடும், கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இப்படிப்பட்ட திரைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், உங்கள் மாடல் அதில் இருந்தால் தானாக நேராகிவிடும்.

லாட்ஜில் தங்கும் இரவுகளில் யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று கைகொடுக்கும், அறையின் டிவியே பெரிய திரையாகிவிடும். டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டி எச்டிஎம்ஐ துளைக்குள் விரலே போகாதபடி வைத்திருப்பார்கள் பல இடங்களில். ரிசப்ஷனில் கேட்டுப் பயனில்லை.

புகார் என்று சொன்னேனே, அது பேட்டரி. ஒரு கோடைக்குப் பிறகு டச்பேட் லேசாக மேலே எழும்ப ஆரம்பித்தது, கிளிக் விழவில்லை. அடியில் பேட்டரி உப்பிவிட்டது. அந்த நிலையில் சார்ஜ் போடுவது ஆபத்து, அப்படியே அணைத்து வைத்தேன். விற்றவர்களுக்கு எழுதினால், படம் அனுப்புங்கள், வீடியோ அனுப்புங்கள் என்று ஒரு மாதம் ஓட்டிவிட்டு, உதிரி பாகம் இந்தியாவில் இல்லை என்று முடித்துவிட்டார்கள். கடைசியில் சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், மாடிப்படி ஏறிப்போகிற ஒரு சின்னக் கடையில், கடைக்காரர் பழைய பேட்டரியின் நீள அகலத்தை ஸ்கேலால் அளந்து, அதே கனத்தில் செல் தேடி வாங்கி, பழைய கட்டுப்பாட்டு போர்டையே அதில் இணைத்துக் கொடுத்தார். "இது கம்பெனி பேட்டரி மாதிரி வராது தம்பி, மூணு மணி நேரம் நின்னா சந்தோஷப்படு" என்றார். மூன்று மணி நேரம்தான் நிற்கிறது. பெரிய நிறுவனங்களின் 14 அங்குலத்துக்கு எந்த ஊரிலும் பேட்டரி கிடைக்கும். இந்த அளவில் வாங்குகிறவர்கள் பழுதுபார்க்கிற ஆளையும் மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

எங்கள் கணக்காளர் அண்ணன் ஈரோட்டில் அரங்கின் ஓரத்தில் நான் இதை வைத்து வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு சொல்லி வை தம்பி, பில்லு போட வசதியா இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு வேண்டாம்ணே. டேலியில நீங்க எஃப் விசையும் நம்பர் பேடும் இல்லாம ஒரு என்ட்ரி போடுவீங்களா? இதுல நம்பர் பேடே கிடையாது, எஃப் பதினொண்ணு பன்னெண்டுக்கு ரெண்டு விசையைச் சேர்த்து அமுக்கணும்."

வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் பருமனில் இருக்கும் அவர் ஆள்காட்டி விரலால் எட்டை அழுத்த, எட்டும் ஒன்பதும் சேர்ந்து விழுந்தன. "நல்லாத்தான் இருக்கு" என்று மூடிக் கொடுத்துவிட்டு, தன் பழைய 15.6-ஐத் திறந்து அன்றைய விற்பனையைப் போட ஆரம்பித்தார்.