"பராமரிப்பே வேண்டாத கூரைச் செடி" என்று நம்பி இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தேன்

நேற்றுதான் கடைசிச் செடித் தட்டையும் பிடுங்கிப் போட்டேன். கையில் இன்னும் அழுகல் நாற்றம் போகவில்லை.

கூரை முழுக்கச் செடிப்பரப்பு போட ஆசைப்பட்டு, ஆன்லைனில் செடி விற்கும் ஒரு நர்சரிக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். ஏன் நம்பினேன் தெரியுமா? போனில் பேசியவர் விலையைச் சொல்லும் முன்பே, "உங்க கூரை எவ்வளவு பாரம் தாங்கும்? இன்ஜினியரைக் கேட்டீங்களா?" என்றார். செடம் (Sedum) என்ற சதைப்பற்றுள்ள சிறு செடி வகைகள் இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கும், வறட்சியில் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், அதனால் 10 செ.மீ. ஆழ மண்ணே போதும் என்று பாடமே நடத்தினார். அத்தனையும் உண்மைதான். சரி, விஷயம் தெரிந்த ஆள் என்று அன்று இரவே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

வந்த தட்டுகளில் பாதிதான் செடம். மீதி, நிழலில் வளரும் பெரணி. சுடும் கூரைக்குப் பெரணி! அதைவிடக் கொடுமை மண். நுரைக்கல்லும் சுட்ட களிமண் உருண்டையும் கலந்த லேசான கலவை என்று சொல்லிவிட்டு, வெறும் தோட்டத்து மண்ணை மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். முதல் மழையிலேயே அது இறுகித் தண்ணீர் தேங்கியது. செடம் வெயிலைத் தாங்கும், வேரில் தேங்கும் ஈரத்தைத் தாங்காது. ஒரே வாரத்தில் தண்டெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது.

போன் செய்தால், "புதுச் செடி, வாடத்தான் செய்யும்." அடுத்த வாரம், "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க." அதற்கடுத்து வேறொருவர், "தண்ணியே விடலையா?" படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம், ஐயா!

எந்தச் செடி வாங்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். பொறுமை இல்லை. மண் கலவையை முதலில் மாதிரியாக வாங்கித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வடியவில்லை என்றால் வேண்டாம். எடையை நனைந்த நிலையில் கேளுங்கள். பராமரிப்பே வேண்டாம் என்பவரை நம்பாதீர்கள், முதல் வருடம் தண்ணீரும் களையெடுப்பும் கட்டாயம் உண்டு. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த ஈர மண்ணைக் கீழே இறக்க வேண்டும். அதற்குக் கூலி தனி.