ஒரு லேப்டாப், நாலு மெயில்: ஃபயர்ஃபாக்ஸ் கன்டெய்னர் எப்படி?

"இட்லி மாவுக்கு நாங்க எதுக்குங்க 38,000 ரூபாய் தரணும்?" என்று அந்தேரியிலிருந்து ஒரு கடைக்காரர் போனில் இந்தியில் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். தாராவி பை பட்டறைக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டு நான் எழுதியது, மாவுக் கடை முகவரியிலிருந்து போயிருந்தது.

தப்பு என்னுடையதுதான். மும்பை சயான் கோலிவாடாவில் வீட்டிலிருந்தபடியே மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாட்டுங்காவில் ஒரு பூக்கடை, தாராவி 90 அடி ரோட்டில் ஒரு மாவுக் கடை, அதற்குப் பின்னால் ஒரு தோல் பை பட்டறை. மூவருக்கும் ஆளுக்கொரு ஜிமெயில், என்னுடையது ஒன்று, ஆக நாலு. எல்லாவற்றையும் ஒரே பிரவுசரில் திறந்துவைத்துக்கொண்டு, எந்தக் கடையாக உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மாவுக் கடை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "ஏம்மா, மாவு விக்கிறவன் தோல் பை பாக்கி கேட்டா ஊரு சிரிக்கும்லா?" என்றார். அவரே சிரித்துவிட்டதால் பிழைத்தேன்.

ஜிமெயிலில் ஒரே நேரத்தில் பல கணக்குகளுக்குள் நுழைய முடியும். முகவரிப் பட்டையில் 0, 1, 2 என்று எண் மட்டும் மாறும். முதலில் நுழைந்த கணக்குதான் அங்கே மூத்த பிள்ளை. பூக்கடை மெயிலில் வந்த கூகுள் டிரைவ் கோப்பின் இணைப்பைத் திறந்தால், சில சமயம் அந்த மூத்த கணக்கின் பேரில் திறக்கப் பார்த்து, அனுமதி இல்லை என்று நிற்கும். கடையை மாற்ற மாற்ற, யாராக இருக்கிறோம் என்பது நமக்கே மறந்துவிடுகிறது.

இதற்கு மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தேன். முதலில் குரோம் புரொஃபைல். கடைக்கொரு தனி ஜன்னல், தனி நிறம். பாஸ்வேர்ட், புக்மார்க், பார்த்த பக்கங்களின் வரலாறு என்று சகலமும் தனித்தனி. பிரிவினை என்று பார்த்தால் இதுதான் சுத்தம். ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டே மெயில் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் தேடவே வேண்டாம். என் லேப்டாப்பில் ராம் 4 ஜிபிதான். நாலு ஜன்னலையும் திறந்து, மேலே எக்ஸெலும் ஓடினால் விசிறி சத்தம் அடுக்களை வரை கேட்கும்.

அடுத்து தண்டர்பேர்ட். இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிற இலவச மெயில் மென்பொருள். ஐமேப் முறையில் (மெயில் கூகுளிடமும் இருக்கும், இங்கேயும் தெரியும்) நாலு கணக்கையும் சேர்த்தேன். கம்ப்யூட்டரில் இறங்கிவிட்ட மெயிலை, ஜூலை மழையில் நெட் போனாலும் படிக்கலாம். பழைய பில்லைத் தேட இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லோரும் புகழ்கிற அந்த ஒருங்கிணைந்த இன்பாக்ஸ் எனக்கு ஆகாது. சாம்பாரையும் ரசத்தையும் மோரையும் ஒரே அண்டாவில் ஊற்றிய மாதிரி. வந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் அது வந்த கணக்கிலிருந்தேதான் போகிறது, சரி. புதிதாக எழுதும்போது அனுப்புநர் வரியை நாம்தான் கவனிக்க வேண்டும். நான் சறுக்கியதே அந்த இடத்தில்தானே! அடுத்தவர் காசைக் கையாளுகிறவளுக்கு எல்லாம் ஒரே இடத்தில் குவிவதா முக்கியம்? ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் அக்கா மகன் சொல்லித்தான் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 'மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்' போட்டேன். ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கிற மொசில்லாவே தருகிற இலவசக் கூடுதல் கருவி (எக்ஸ்டென்ஷன்). கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் தருவார்கள் இல்லையா, குக்கி என்பது அதுதான். லாகின் செய்ததும் தளம் ஒரு டோக்கனை பிரவுசரிடம் கொடுத்துவைக்கிறது. அடுத்த முறை டோக்கனைப் பார்த்துத்தான் நம்மை அடையாளம் காண்கிறது. சாதாரணமாக எல்லா டோக்கனும் ஒரே பையில் கிடக்கும். கன்டெய்னர் கடைக்கொரு பை தைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

புதிய தாவல் திறக்கிற கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால் பட்டியல் விழும். பெயர், நிறம், சின்ன ஐகான் எல்லாம் நம் இஷ்டம். மாவுக் கடைக்குச் சாப்பாட்டு ஐகானும் நீலமும். பூக்கடைக்கு மரமும் பச்சையும் (பூ இல்லை, மரம்தான் இருந்தது). பை பட்டறைக்கு பிரீஃப்கேஸும் ஆரஞ்சும். தாவலில் அந்த நிறத்தில் ஒரு கோடு ஓடும், முகவரிப் பட்டையின் கோடியில் கடைப் பெயரும் இருக்கும். இப்போது கம்போஸ் திறந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

ஒவ்வொன்றிலும் முதல் தடவை நுழைவதற்குத்தான் பாடுபட்டேன். புதிதாக நுழைவது யார் என்று கூகுள் கடைக்காரரின் போனில் கேட்கும். காலை ஆறு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன். "அண்ணாச்சி, உங்க போன்ல மூணு நம்பர் காட்டும், 47-ஐத் தட்டுங்க." "கை பூரா மாவு, இரு தாயி" என்று அவர் துடைத்துவிட்டு வருவதற்குள் நேரம் கடந்து, மறுபடி முதலிலிருந்து.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒரு கன்டெய்னருக்குள் சொடுக்கிய இணைப்பு அதே கன்டெய்னரில்தான் திறக்கிறது. பூக்கடை மெயிலில் வந்த டிரைவ் கோப்பு பூக்கடையாகவே திறக்கும், அனுமதி கேட்டு நிற்பதில்லை. ஜிஎஸ்டி தளத்துக்கும் இதே கதைதான். விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி-க்கு 20-ஆம் தேதி என்று கழுத்தில் கத்தி தொங்குகிற நாட்களில், மூன்று கடைகளையும் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்து, ஓடிபி வந்த மெயிலையும் அதே நிறத் தாவலில் பார்த்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. பாஸ்வேர்டும் புக்மார்க்கும் வரலாறும் எல்லாக் கன்டெய்னருக்கும் பொதுதான். சேமித்த பாஸ்வேர்ட் பட்டியல் விரியும்போது நாலு பெயரும் வரிசையாக நிற்கும், பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இந்தத் தளத்தை எப்போதும் இந்தக் கன்டெய்னரில் திற' என்ற வசதி நமக்கு உதவாது, நாலுமே ஜிமெயில் ஆயிற்றே! வாட்ஸ்அப்பிலிருந்து வந்த இணைப்பைச் சொடுக்கினால் எந்தப் பையிலும் சேராமல் திறக்கும். பிரைவேட் ஜன்னலில் வேலை செய்யாது, ஆண்ட்ராய்டு போனிலும் கிடையாது. பிரவுசரை மூடித் திறந்தாலும் தாவல்கள் திரும்ப வர வேண்டுமென்றால், முந்தைய தாவல்களைத் திறக்கும்படி அமைப்பில் ஒரு டிக் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நாலு மெயிலும் லாகினில் இருக்கிற கம்ப்யூட்டர் என்பது பூட்டாத கல்லாப்பெட்டி. என் பையன் யூடியூப் பார்க்க அதே லேப்டாப்பைத்தான் எடுப்பான். அவனுக்கு விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். பால் காய்ச்ச எழுந்தால்கூட திரையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

தண்டர்பேர்டையும் விடவில்லை. ஒருங்கிணைந்த இன்பாக்ஸை மறைத்துவிட்டு, பழைய பில் தேட மட்டும் வைத்திருக்கிறேன். எழுதுவதெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில்.

அந்தேரிக்காரர் 38,000-ல் 20,000 அனுப்பிவிட்டார். மீதிக்கு நேற்று இன்னொரு மெயில் போட்டேன், ஆரஞ்சுக் கோட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு.