ஜூன் மாதத்தில் சிவனொளிபாதமலைக்குப் 'பெக்கேஜ்' விற்கிறார்கள்: முற்பணம் கட்டுமுன் வாசியுங்கள்

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவோடு தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிந்துவிடும். அதன் பிறகு அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை படிக்கட்டு விளக்குகள் எரியாது, தேத்தண்ணிக் கடைகள் பூட்டியிருக்கும். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை மலையில் நேராக வந்து மோதுவதும் இந்த மாதங்களில்தான். இதில் ஒன்றையும் சொல்லாமல், ஜனவரியில் எடுத்த சூரியோதயப் படத்தைப் போட்டு, ஜூனில் ஆளுக்கு 9,500 ரூபாய் வாங்கி எங்கள் 11 பேரை வான் வண்டியில் ஏற்றிப் போனார் ஓர் ஏற்பாட்டாளர். அவர் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி விளம்பரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், எதெதில் ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

விளம்பரத்தில் இருந்தவை: 2 வழிகாட்டிகள், ஆளுக்கொரு மழை அங்கி, ஆளுக்கொரு தலைவிளக்கு, உச்சியில் சூடான காலைச் சாப்பாடு. கிடைத்தவை: 1 வழிகாட்டி, 4 டோர்ச், ஒருதரம் போட்டு எறிகிற பொலித்தீன் அங்கி, வானிலேயே ஆறிப்போன பாண்.

அந்த அங்கிதான் பெரிய மோசடி. உச்சியை நெருங்க நெருங்க மரங்கள் குட்டையாகிவிடும், காற்றை மறிக்க எதுவும் இராது. பொலித்தீன் அங்கி காற்றில் மேலே கிளம்பி முதலில் அக்குளில் கிழியும், பிறகு பொத்தான் இருக்கும் இடத்தில் கிழியும். கழுத்து வழியே இறங்கும் தண்ணீரைப் பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் குடித்து வைத்துக்கொள்ளும். உச்சியின் உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏற வேண்டும் என்பதால் அடிவாரத்தைவிட 6 பாகை வரை குளிர் கூடும். ஈர உடம்பில் காற்றும் அடித்தால் நம்மூர் மலையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். முதலில் நடுக்கம், அடுத்து கை விரல் சொன்னபடி கேளாது, பேச்சுக் குழறும், கால் தடுமாறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் ஈர உடுப்போடேயே நடுக்கம் நின்று சோர்ந்து போனால் அது தேறிய அடையாளம் அல்ல, நிலைமை மோசமாகிவிட்டது. உடனே காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தலையை மூடி, விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, கீழே இறக்க வேண்டும். தையலின் உட்பக்கம் நாடா ஒட்டிய மழைச் சட்டை, சீக்கிரம் காயும் நைலோன் காற்சட்டை, சிப் பையில் ஒரு மாற்று உடுப்பு, ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி: இவற்றை எந்த ஏற்பாட்டாளரையும் நம்பாமல் நீங்களே கொண்டுபோங்கள்.

11 பேருக்கு 4 டோர்ச் போதாது. சுமார் 5,500 படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். பின்னால் வருபவரின் வெளிச்சத்தில் உங்கள் நிழலே அடுத்த படியை மறைத்துவிடும். கைபேசி வெளிச்சம் மழையில் நம்பத்தக்கதல்ல. ஆளுக்கொரு தலைவிளக்கும் மாற்று பெற்றரியும் வேண்டும். மூடுபனி இறங்கினால் நெற்றி வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்புயரத்தில் கையில் பிடித்தால் படி தெரியும். வழிகாட்டி என்று வந்தவருக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரிந்திருக்கவில்லை. அவர் நல்ல டோர்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார், கடைசியில் வருபவர்களைப் பார்க்க ஆளே இல்லை. இரண்டு வழிகாட்டி என்பது ஆடம்பரம் அல்ல. ஒருவர் முன்னால், ஒருவர் கடைசி ஆளுக்கும் பின்னால்.

மழையில் படிக்கட்டே ஓடையாகிவிடும். கரும்பச்சையாக மினுங்கும் இடம் பாசி, அதில் கால் வைக்க வேண்டாம். இறங்கும்போது களைத்த காலோடுதான் அதிகம் விழுகிறார்கள். குதிகாலை முதலில் வைக்காமல் பாதம் முழுவதையும் வைத்து, பக்கவாட்டாக இறங்குங்கள். தேய்ந்த அடியுள்ள சப்பாத்து வேண்டவே வேண்டாம். இடி கேட்டால் இரும்புக் கைப்பிடியை விட்டு விலகுங்கள். அட்டைக் கடிக்குக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு மேலே சவுக்காரம் பூசினால் ஓரளவு நிற்கும். உப்பு மழையில் கரைந்துவிடும். கடித்த அட்டையை இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள்.

'இயற்கைக் காரணங்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரி விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. மழை மாதத்தில் மலையேற்றம் விற்பவர் இப்படிப் போட்டால், அபாயம் முழுவதும் உங்கள் தலையில். திரும்பச் சொன்னால் காசு போய்விடுமே என்று நீங்களும் ஏறுவீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினாலே மண்சரிவு பற்றி விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 150 மி.மீ. என்றாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. என்றாலோ வெளியேற வேண்டிய நிலை. 'நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் திகதி மாற்றம் அல்லது முழுப்பணம்' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முற்பணம் கட்டுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை இருக்கிறதா, எந்த நிலையில் குழுவைத் திருப்புவார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். 'எந்த மழையிலும் உச்சிக்குக் கொண்டுபோவேன்' என்று பதில் வந்தால் அவரோடு போக வேண்டாம்.

எங்கள் கணக்கில் 'நுழைவுக் கட்டணம்' என்று ஆளுக்கு 1,000 ரூபாயும் இருந்தது. பற்றுச்சீட்டுக் கேட்டோம், இன்றுவரை வரவில்லை.

மலையில் அவசரமென்றால் 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். காசு கட்டிய அன்றே விளம்பரத்தைத் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது 'ஆளுக்கொரு தலைவிளக்கு' என்ற வரி விளம்பரத்தில் இல்லை.