மடிநோய்க்கு எது: டியூப்பா, கற்றாழை விழுதா, இலைச்சாற்று வெள்ளியா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை கவலையான மாதங்கள். காய்ந்து கிடந்த தொழுவம் மழையில் சேறாகிவிடும். கறந்து முடித்த மாடு அதிலேயே படுக்கும். கறந்தபின் காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாவது ஆகும். கிருமி உள்ளே போக அது போதும். அப்புறம் மடி வீங்கும், பால் திரிதிரியாக வரும்.

வழக்கமான வழி ஆன்டிபயாடிக். காம்பு வழியாக ஏற்றும் டியூப், காய்ச்சல் இருந்தால் ஊசியும் சேர்த்து. வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் எல்லாக் கிருமியும் ஒன்றல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே பெனிசிலினுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடியின் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், மேலே ஒரு படலம் வேறு கட்டிக்கொள்ளும். பால் தெளிந்ததும் பாதியில் மருந்தை நிறுத்தினால் அடுத்த மாதம் அதே காம்பு திரும்ப வீங்கும். பால் மாதிரியைப் பரிசோதித்து மருந்தைத் தேர்ந்தால் நல்லது. நம் ஊரில் அது அரிதாகத்தான் நடக்கிறது.

இன்னொரு தொல்லை, டியூப்பில் எழுதியிருக்கும் அத்தனை நாளும் பாலை விற்கக் கூடாது. ஒரே மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய அடி. சிலர் சொசைட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். மருந்து கலந்த பாலில் உறைமோர் விட்டால் தயிர் சரியாக உறையாது, ஏனென்றால் உறைய வைக்கும் நுண்ணுயிரையும் அந்த மருந்து கொன்றுவிடும்.

இரண்டாவது, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த விழுது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மரபுவழி மருத்துவத்துக்காக உழைத்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி இதைப் பரவலாக்கினார். தேசிய பால்வள வாரியமும் எடுத்துச் சொல்லிவருகிறது. மடியைக் கழுவி, பாலை முழுக்கப் பீய்ச்சிவிட்டு, விழுதில் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். கூடவே தினமும் இரண்டு எலுமிச்சை தின்னக் கொடுக்க வேண்டும். கற்றாழை நம் உப்பு மண்ணிலும் பிழைக்கும், செலவு சொற்பம். வீக்கம் தொடங்கியவுடன் பூசினால் கேட்கிறது. ஆனால் அந்தப் பத்துத் தடவைதான் கஷ்டம். விடியலில் பாசி எடுக்கக் கடலுக்குப் போய் மதியம் திரும்பும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! மாடு தீனி எடுக்காமல், பால் தண்ணீராகிப் படுத்துவிட்டால் விழுதை நம்பி உட்காரக் கூடாது. ஈ.கோலை மாதிரிக் கிருமியின் நஞ்சு சில மணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-ஐ அழைக்க வேண்டியதுதான்.

மூன்றாவதாக இப்போது அடிபடுவது இலைச்சாற்றில் செய்யும் வெள்ளி நானோத்துகள், அதாவது மிக நுண்ணிய வெள்ளித்துகள். வேம்பு, துளசி மட்டுமில்லை, மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசியிலும் செய்யலாம். சாற்றை வடிகட்டி, 100 மில்லி தண்ணீருக்கு 17 மில்லிகிராம் அளவில் கரைத்த சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்போடு கலந்தால் நிறம் மெல்லப் பழுப்பாகும். சாற்றில் இருக்கும் பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள்கள் வெள்ளி அயனியை உலோகமாக மாற்றி, மேலே ஒரு போர்வையும் போர்த்துகின்றன. ஒவ்வொரு துகளும் 100 நானோமீட்டருக்குள். அது விடும் வெள்ளி அயனி கிருமியின் சுவரைச் சிதைத்து, உள்ளே புரதத்தின் கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும். ஒரே இடத்தில் அடிக்காமல் பல இடத்தில் அடிப்பதால் ஆன்டிபயாடிக்குக்கு அசையாத கிருமியையும் ஆய்வகத் தட்டில் கொல்கிறது. வெள்ளியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

எனக்கு அந்த வட்டம் போதவில்லை. மடிக்குள் இருப்பது ஆய்வகத் தட்டில் கிருமி வளர்க்கும் அகார் கூழ் இல்லை, பால். மடிநோய்ப் பால் உப்புக் கரிக்கும், அதில் குளோரைடு ஏறியிருப்பதால். வெள்ளி அயனி குளோரைடைக் கண்டால் கரையாத வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். மிச்சத்தைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும். தட்டில் வேலை செய்த அளவு மடிக்குள் போதாமல் போகலாம். அளவைக் கூட்டினால் மடியின் செல்லுக்குக் கேடு, பாலிலும் வெள்ளி. டியூப்பிலாவது எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இலைச்சாறு சேர்வதால் இதை ‘மூலிகை’ என்று சொல்வதும் ஆளை ஏமாற்றும். இலை தயாரிப்புக்குத்தான், கொல்வது உலோகம். மழைக்கு முன் பறித்த வேம்பும் பின் பறித்ததும் ஒரே சாறு தராது; துகளின் அளவு மாறினால் வீரியமும் மாறும். வெள்ளியைக் கிருமி பழகிக்கொள்ளாது என்பதும் சரியில்லை. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு மசியாத சால்மோனெல்லா கிருமி பற்றி 1975-லேயே எழுதிவிட்டார்கள். சில்வர் நைட்ரேட்டை வாங்கி வீட்டில் கலக்கிக் காம்புக்குள் ஏற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். கையில் பட்டாலே தோல் கறுக்கும்.

என் கணக்கில் நானோ வெள்ளி மோத வேண்டியது டியூப்போடு இல்லை, கறந்ததும் காம்பை முக்கும் கிருமிநாசினியான போவிடோன் அயோடினோடு. வெளிக்காம்பில் குளோரைடுப் பால் தடை இல்லை, அடுத்த கறவைக்கு முன் கழுவியும் விடலாம். அங்கே அயோடினை ஜெயித்துக் காட்டினால் நானே வாங்குவேன். அதுவரை அயோடினில் முக்கிவிட்டு, மாடு படுக்காமல் நிற்க அரைமணி நேரத்துக்கு வைக்கோல் போடுகிறேன்.

வாரம் ஒருமுறை சர்ஃப் சோதனையும் செய்துவிடுங்கள். அரை லிட்டர் நல்ல தண்ணீரில் 15 கிராம் சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாக அதே அளவு கரைசலோடு கலந்து ஒரு நிமிடம் சுழற்றிப் பாருங்கள். கொழகொழவென்று கெட்டியானால், வீக்கம் தெரியாவிட்டாலும் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. அதைக் கடைசியாகக் கறந்து, அன்றைக்கே விழுதைத் தொடங்குங்கள். மறுநாளும் வீக்கமோ திரியோ வந்தால் டாக்டரிடம் டியூப் கேளுங்கள்.